இரண்டாவது நபர் சிரிக்கவில்லை

எங்கள் நிறுவனத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில், ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டிடம். அதில் ஒரு மாடி முழுக்க நாங்கள். உலகத்தில் யார் யாரோ கைபேசியில் எடுத்துப் போடுகிற படங்களில் பார்க்கத் தகாதவற்றை நாங்கள் பார்த்து, மற்றவர்கள் பார்த்துவிடாதபடி அழிக்க வேண்டும். வெட்டு, குத்து, விபத்து, தூக்கு. கண்ணாடிச் சுவராக இருந்தாலும் எங்களுக்கு ஆறு தெரியாது. வெளிச்சம் கணினியில் விழுகிறது என்று சுவர் நெடுகக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் அதிகமானபோது மேலிடத்துக்குக் கவலை வந்தது. நலவாழ்வு மற்றும் நன்றியுணர்வுப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். இனிமேல் கழிப்பறைக்குள் போய் அழ வேண்டியதில்லை, இங்கேயே அழலாம் என்று நாங்கள் நினைத்தோம். அங்கே அழுவதற்கு அனுமதி இல்லை என்று கதவிலேயே எழுதியிருந்தது. அழகான எழுத்து, பக்கத்தில் ஒரு சூரியகாந்தி.

பிரிவின் இயக்குநர் டாக்டர் ஹெர்மோஜெனெஸ் விலானுவேவா மணிலாவிலிருந்து வந்தவர். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. முதல் நாள் எங்களை உணவுக்கூடத்தில் நிற்க வைத்துப் பேசினார்.

"நண்பர்களே, திரையில எந்தக் கெடுதலும் இல்ல. நன்றி இல்லாத கண்ணுதான் கெடுதல். நாள் முழுக்கப் பொணத்தைப் பார்க்கறோம்னு குறைப்படறீங்க. சரி. அந்தப் பொணம் நீங்க இல்லையே, அதுக்கு என்னிக்காவது நன்றி சொல்லியிருக்கீங்களா?"

கை தட்டினோம். தட்டாதவர்களை உதவியாளர் க்ளாரிபெல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எங்கள் கைபேசிகளில் 'நன்றித் தராசு' என்ற செயலியை ஏற்றினார்கள். ஒரு தட்டில் நாம் திரை பார்த்த நேரம், மறு தட்டில் நாம் சொன்ன நன்றி. வேலை முடிந்ததும் தட்டுகள் சமமாகும்வரை நன்றிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு நன்றிக்கும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்பு மனதிலிருந்து வருகிறதா என்பதைச் செயலியே கண்டுபிடித்துவிடுமாம்.

கூட்டத்திலிருந்து ரெய்னாந்தே கை தூக்கினான். என் பக்கத்து மேசைக்காரன். கேலிக்காகக் கேட்கிற ஆள் இல்லை. அவனுக்கு நிஜமாகவே சந்தேகம்.

"சார், இதுவும் திரைதானே? அப்ப அந்தத் தட்டு இன்னும் இறங்குமே?"

டாக்டர் அன்பாகச் சிரித்தார். "தம்பி, அது திரை இல்ல. ஜன்னல்."

காப்பிக்கு நன்றி, மின்விசிறிக்கு நன்றி, ஜீப்னி வண்டியில் உட்கார இடம் கிடைத்ததற்கு நன்றி என்று ஆரம்பித்தோம். இரண்டாம் வாரம் செயலி எதிர்த்துப் பேசத் தொடங்கியது. 'நேற்றும் காப்பிக்கே நன்றி சொன்னீர்கள். இதயத்தை விரிவாக்குங்கள்.' மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "உன்கிட்ட ஏதாவது நன்றி மிச்சம் இருக்காடி?" என்று கேட்பாள். "எங்க மாமியாருக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன், எடுத்துக்கோ." இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில்தான் ரெய்னாந்தேக்கு அந்தப் படம் வந்தது.

எங்களுக்கு வரும் படங்களில் பேச்சு பெரும்பாலும் புரியாது. அது ஒரு வசதி. இந்தப் படத்தில் கவிழ்ந்த படகு ஒன்று. அதன் பக்கவாட்டு மூங்கிலைக் கட்டிக்கொண்டு ஒருவர். மேலே பெரிய கப்பலின் தளத்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுப்பவரைச் சுற்றி இன்னும் பல கைபேசிகள் நீண்டிருந்தன. வேற்று நாட்டுக்காரர்கள். ஒரு கயிறு விழுந்தது, எட்டவில்லை. மூங்கிலைப் பிடித்திருந்தவர் மேலே பார்த்துக் கத்தினார். எங்கள் ஹிலிகாய்னோன் மொழியில் கத்தினார்.

"புன்தா ஆல்தா டொமினாகிட்ட சொல்லுங்க! காத்திருக்க வேணாம், கதவைச் சாத்திட்டுத் தூங்கச் சொல்லுங்க!"

பிறகு ஒரு அலை. அதற்குப் பிறகு வெறும் மூங்கில்.

'நீரில் மூழ்குதல்' என்று வகைப்படுத்தி ரெய்னாந்தே அழித்தான். விதிப்படி அதுதான் சரி. அடுத்த படம் வந்தது. அதையும் பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அந்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

மறுநாள் மெதுவாக என்னிடம் சொன்னான். நான் வயதில் மூத்தவள். மனாங் என்றுதான் கூப்பிடுவான், எங்களூரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மனாங், ஒண்ணும் பண்ணல அவரு. சும்மா நிக்கறாரு. பஸ்ல நிக்கறவங்க மாதிரி. குழந்தையத் தூக்கினா குழந்தை என் தோளுக்கு மேல பார்த்து அழுவுது. என் சம்சாரம் ஜோவி பயந்துபோய் அம்மா வீட்டுக்குப் போறேங்கறா."

"புன்தா ஆல்தா எதிர்த் தீவுலதான்டா இருக்கு. படகு ஏறிப் போய்ச் சொல்லிட்டு வந்துடு."

"கையெழுத்துப் போட்டிருக்கோமே. பார்த்ததை வெளிய சொன்னா வேலை போயிடும். குழந்தைக்குப் பாலு?"

ஆகவே ரெய்னாந்தே முறைப்படி அனுமதி கேட்கப் போனான். துணைக்கு நானும் போனேன். சூரியகாந்திக் கதவுக்குள் க்ளாரிபெல் கணினியைத் திறந்துகொண்டாள்.

"என்ன பிரச்சினைன்னு போடட்டும்? தூக்கமின்மை, தலைவலி, குடும்பம். மூணுதான் இருக்கு."

"செத்துப்போன ஒருத்தர் பின்னாடியே வராருங்க."

"சொந்தக்காரரா?"

"இல்லீங்க."

"அப்ப குடும்பத்துல போட முடியாது." யோசித்தாள். "இப்ப இருக்காரா?"

ரெய்னாந்தே தோளுக்கு மேல் பார்த்துத் தலையாட்டினான். க்ளாரிபெல்லின் முகம் மாறவில்லை. அவளுக்கு அப்படிப் பயிற்சி.

"ஈரமா இருக்காரா?"

"சொட்டிக்கிட்டே இருக்கு."

"தரைவிரிப்பு பராமரிப்பு வேற பிரிவு. அவங்களுக்கு ஒரு புகார் அனுப்பிடறேன்."

டாக்டர் விலானுவேவா எங்களை உள்ளே கூப்பிட்டார். மெத்தை நாற்காலி, சின்னச் செயற்கை நீரூற்று. அவர் அறைச் சுவரில் மட்டும் கறுப்புத் தாள் இல்லை. ஆறு நன்றாகத் தெரிந்தது. ரெய்னாந்தே சொன்னதையெல்லாம் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெய்னாந்தே, உன் தராசைப் பார்த்தேன். போன மாசம் நன்றித் தட்டு ரொம்ப மேல நின்னுது. காலி மனசு காலி வீடு மாதிரி. யாராவது குடிவந்துடுவாங்க."

"அவரு ஒரு சேதி சொல்லியிருக்காரு சார். அவரு சம்சாரத்துக்கு. நான் போய்ச் சொல்லிட்டா..."

"சேதியா?" அவர் கண்களைத் திறந்தார். "அது வாடிக்கையாளரோட தகவல். அழிச்சாச்சு. அழிச்சதை நீ எப்படிச் சொல்ல முடியும்? அழிச்சது இல்லவே இல்லைங்கறதுதானே நம்ம தொழிலோட அடிப்படை."

"ஆனா இவரு இருக்காரே சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவருக்கு நன்றி சொல்லு. தினமும் சொல்லு. நன்றி கேட்டவங்க எழுந்து போயிடுவாங்க. நம்ம ஆண்டு விழாக்கள்ல பார்க்கலையா? நன்றியுரை ஆரம்பிச்சா கூட்டம் கலைஞ்சுடும்."

ரெய்னாந்தே சொன்னபடி செய்கிற பையன். அன்று மாலை மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தான்: 'என் பின்னால் நிற்பவருக்கு நன்றி.' கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துச் சிரித்தான். செயலி ஏற்கவில்லை. மறுபடி சிரித்தான். மறுபடியும் ஏற்கவில்லை.

"மனாங், இங்க வாங்களேன்," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

போய்ப் பார்த்தேன். திரையில் அவன் முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம். அவன் தோளுக்கு மேல், ஒன்றுமே இல்லாத இடத்தில், இன்னொரு வட்டம். சிவப்பு. கீழே எழுத்து ஓடியது: 'இரண்டு முகங்கள் உள்ளன. இரண்டாவது நபர் சிரிக்கவில்லை.'

நான் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். எதற்காக வைத்தேன் என்று தெரியவில்லை. குளிர்சாதனக் காற்றுதான் பட்டது. என் கை மறைத்ததும் சிவப்பு வட்டம் கொஞ்சம் நகர்ந்து, கைக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தது.

இந்தச் செய்தி மேலே போனது. மறுநாள் காலை பாதுகாப்புப் பிரிவிலிருந்து ரெய்னாந்தேக்கு எச்சரிக்கை வந்தது: அடையாள அட்டை இல்லாத ஒருவரை வேலைக்கூடத்துக்குள் அனுமதித்ததற்காக. அன்று மதியமே நலவாழ்வுப் பிரிவிலிருந்து பாராட்டு வந்தது. எங்கள் மாடியின் பங்கேற்பு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டதாம். நாட்டிலேயே இப்படித் தாண்டியது இதுதான் முதல் முறை என்று டாக்டர் மணிலாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கூடவே ரெய்னாந்தேக்கு ஓர் அறிவுரையும் வந்தது: இரண்டாவது நபரையும் சிரிக்க வைக்க முயற்சி செய்யவும்.

அவன் முயற்சி செய்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மதிய இடைவேளையில் காலியான கூடத்தில் உட்கார்ந்து, கைபேசியைப் பிடித்துக்கொண்டு, தோளுக்குப் பின்னால் பார்த்து மெதுவாக நகைச்சுவைத் துணுக்குகள் சொல்லிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை செயலியில் பதிவாகாமல் இருக்க அடிக்கடி துடைத்துக்கொண்டான்.

"எழுந்திரு," என்றேன். "ஞாயித்துக்கிழமை போறோம். வேலை போனா போவட்டும். ரெண்டு பேருக்கும் சேர்ந்து போவட்டும்."

படகுத்துறையில் கூட்டமில்லை. கிமாராஸ் தீவுக்குப் போகும் சின்ன இயந்திரப் படகில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ரெய்னாந்தேயின் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருமளவு இடம் இருந்தது. கூடையோடு ஏறிய ஒரு பெண் அதில் உட்காரப் போய், பலகையைத் தடவிப் பார்த்து, "ஐய, நனைஞ்சிருக்கு," என்று வேறு பக்கம் போய்விட்டாள். படகு இன்னும் கிளம்பவே இல்லை.

புன்தா ஆல்தாவில் டொமினா வீடு எது என்று கேட்டவுடனே காட்டினார்கள். "கதவு திறந்தே கிடக்கும் பாருங்க, அதுதான்."

முன்பக்கத்தில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தாள். தடித்த, கறாரான பெண்மணி. நாங்கள் சோப்பு வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். ரெய்னாந்தே தடுமாறித் தடுமாறிச் சொல்லத் தொடங்கியதும் கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"மஞ்சள் கலருங்க. கூடைப்பந்து ஆடறவங்க போடறது. முதுகுல ஒம்பது."

"என் தம்பி சட்டை," என்றாள். "அதைப் போட்டுட்டுக் கடலுக்குப் போவாதேன்னு சொன்னேன். கேட்டாத்தானே." கீழே வைத்த சோப்பை எடுத்து அடுக்கில் வைத்தாள். "கடலோரக் காவல்காரங்க இன்னும் தேடறோம்னுதான் சொல்றாங்க. ஏதோ படம் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். போய்ப் பார்க்கறதுக்குள்ள காணோம். நீ அதைக் கொண்டாந்தியா, தோத்தோ?"

தோத்தோ என்றால் தம்பி. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் தலை குனிந்துவிட்டது.

"இல்லீங்க. நான்தான் அதை அழிச்சேன்."

"எதுக்கு?"

"மத்தவங்க பார்த்தா மனசு கஷ்டப்படும்னு..."

"மத்தவங்கன்னா யாரு?"

ரெய்னாந்தே சேதியைச் சொன்னான். கடலில் அந்த மனிதர் கத்தியதைப் போலவே, அதே வார்த்தைகளில், ஆனால் தாழ்ந்த குரலில் சொன்னான். காத்திருக்க வேணாம். கதவைச் சாத்திட்டுத் தூங்கச் சொல்லுங்க.

டொமினா கேட்டுக்கொண்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது, "பயந்த குரலா, கோபமா?" என்றாள்.

"கோபம் இல்லீங்க. அவசரமா சொன்னாரு. மறந்துட்ட வேலையை ஞாபகப்படுத்தற மாதிரி."

"ஆமா. அப்படித்தான் பேசுவாரு." பிறகு அவள் கண்கள் அவன் தோளுக்கு மேல் போயின. எப்படி ஊகித்தாளோ. "இப்ப கூட வந்திருக்காரா?"

"வந்திருக்காருங்க."

"எங்க?"

ரெய்னாந்தே திரும்பிப் பார்த்தான். "உங்க வாசப்படியில. உள்ள வராம நிக்கறாரு."

டொமினா கடையை விட்டு வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காலியான வாசலைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏன்யா, ஊரான் பிள்ளை பின்னாடி இப்படியா சுத்துவே? பச்சக் குழந்தை வெச்சிருக்கற பையன் முகத்தைப் பாரு, செத்தவன் மாதிரி இருக்கான். ஈரக் காலோட உள்ள வராதேன்னு நான் என்னிக்கோ சொன்னேன்னு இன்னுமா வாசல்லயே நிக்கறே?" இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "வா உள்ள. தரை நனைஞ்சா நனையட்டும். நான் துடைச்சுக்கறேன். வா."

கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு தானும் உள்ளே போய், எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் வெளியே நின்றோம். வாசற்படிச் சிமெண்டில் இரண்டு ஈரத் தடங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வரும் படகில் ரெய்னாந்தே தூங்கிவிட்டான்.

திங்கட்கிழமை அவன் கைபேசியில் ஒரே ஒரு வட்டம்தான் விழுந்தது. பச்சை. க்ளாரிபெல் ஓடிப் போய் டாக்டரிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் விழா ஏற்பாடாகிவிட்டது. தலைப்பு: 'நன்றி வென்றது.' மணிலாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் காகிதப் பூக்களும் ஒரு கேக்கும் இருந்தன.

டாக்டர் பேசினார். "ஒரு ஊழியர். அவர் பின்னாடி ஒரு ஆவி. மருந்து கொடுத்தோமா? இல்ல. லீவு கொடுத்தோமா? அதுவும் இல்ல. வேலைச்சுமையைக் குறைச்சோமா? ஒரு நிமிஷம் கூடக் குறைக்கல! நன்றி ஒண்ணாலயே நிறுவனத்துக்கு ஒரு செலவும் இல்லாம குணப்படுத்தினோம்." முன்வரிசை பலமாகக் கை தட்டியது. "ரெய்னாந்தே, வாப்பா. எப்படிப் போச்சுன்னு சொல்லு."

ரெய்னாந்தே மேடை ஏறினான். ஒலிவாங்கியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவன் அவன்.

"அவரு பேரு செல்வெஸ்த்ரேன்னு அந்த ஊர்ல சொன்னாங்க. கட்டுமஸ்தான ஆளு. அவரைத் தேடிக்கிட்டிருந்தாங்க. அவரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விட்டேன். அவ்வளவுதாங்க."

டாக்டரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் முன்வரிசைக்குப் போய் வந்தன. "உருவகமா சொல்றாரு," என்றார்.

அப்போது பின்வரிசையில் எட்விதா எழுந்தாள். எப்போதும் யாரிடமும் பேசாதவள்.

"ரெய்னாந்தே, வீடு எப்படிக் கண்டுபிடிச்சே? என்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா. பள்ளிக்கூடச் சட்டை. எந்த ஊருன்னே தெரியல."

"எட்விதா, உட்காரும்மா," என்றார் டாக்டர்.

அவள் உட்காரவில்லை. அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவன் எழுந்தான். "என்கிட்ட ரெண்டு பேரு. அண்ணன் தம்பி மாதிரி தெரியுது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறதே இல்ல." ஓரத்தில் நின்றிருந்த ஒருத்தி, "எனக்குக் குரல் மட்டும்தான்," என்றாள். பிறகு எல்லாப் பக்கமும் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம். யாரும் கத்தவில்லை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதைப் போல, அமைதியாக, ஒவ்வொருவராக. கூடம் நிறைய ஆட்கள் நின்றார்கள். நிற்பவர்களைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது போலிருந்தது.

"நன்றி, நன்றி, எல்லாருக்கும் நன்றி," என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். எவரும் கலையவில்லை.

ரெய்னாந்தே அவரைக் கவலையோடு பார்த்தான். கேலி இல்லை, நிஜமான அக்கறை.

"சார், உங்களுக்கு யாரு வராங்க?"

"எனக்கா?" டாக்டர் பதறிவிட்டார். "எனக்கு எப்படி வருவாங்க? நான் ஒரு படம் கூடப் பார்த்ததில்லையே! எங்க பிரிவுல யாரும் அதையெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. மனசு கெட்டுப்போயிடும்."

அதை ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். கூடத்தின் கடைசி மூலைவரை தெளிவாகக் கேட்டது. சொன்ன பிறகு கையிலிருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார். மணிலாக்காரர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். க்ளாரிபெல்தான் மேடைக்கு வந்து, அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கி, கீழே எங்களிடம் நீட்டினாள். அது கை மாறி, கை மாறி, என்னிடம் வந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"என் பின்னாடி நிக்கறவங்க பேரு எனக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தேன்.